ஜோயல் சொன்ன சாட்சி

மண்ணூர் சபையில் சாட்சி சொல்ல ஜோயலை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுகள் முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்பார் பாஸ்டர் யாக்கோபு. பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, வயிற்றுவலி நின்றதையும், மகளுக்கு வரன் அமைந்ததையும், லாரி உரசிக்கொண்டு போயும் உயிர் தப்பியதையும் சொல்வார்கள். பலருக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடாது. ஜோயல் எழுந்தால் அழுகிற குழந்தைகூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்கும். குறை ஒன்றுதான். சொல்லும்படியாக அவன் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை.

ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனியில் அவன் காண்ட்ராக்ட் ஆள். அவனோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் பர்மனென்ட் ஆகி, நீலச் சட்டைக்கு மாறி, கல்யாணமும் செய்துகொண்டாயிற்று. ஜோயல் இன்னும் சாம்பல் சட்டையில்தான் இருந்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. லீவு போட மாட்டான், ஓ.டி. என்றால் முகம் சுளிக்க மாட்டான். ஆனால் டீ நேரத்தில் யாராவது கோயில் பிரசாதம் நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வான். படைத்ததைத் தின்னக் கூடாது என்று பால்குடி மறக்கும் முன்பே அம்மா சொல்லிக் கொடுத்த பாடம் அது. அதனால் லைனில் அவனுக்குப் பேர் அல்லேலூயா. "அல்லேலூயா, அந்த ஸ்பேனர எடு" என்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் சொந்தப் பேரே பலருக்கு மறந்துபோயிருந்தது. அவனும் சிரித்துக்கொள்வான். சிரித்தான் என்பதற்காக வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை.

ராஜம்மா அவன் அம்மா. புருஷன் தாவீது இறந்த பிறகு கம்பெனி கேண்டீன்களில் பாத்திரம் கழுவி மகனை ஆளாக்கியவள். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, மகனுக்கு அந்த நீலச் சட்டை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஜெபக் குறிப்புக் கேட்பதற்கு முன்பே, "எம் புள்ள பர்மனென்டு ஆவணும் பாஸ்டர்" என்று ஆரம்பித்துவிடுவாள். வாராவாரம் சபையே அவனுக்காகப் பட்டினி கிடந்தது. தன் வயிற்றுக்குச் சோறு இல்லாதபோதும் கெஞ்சாதவள், இதற்காகத் தரையில் புரண்டு அழுதாள். ஜோயல் அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குச் சில வாரம் முன்னால், தகட்டை அழுத்தி அடிக்கிற பெரிய பிரஸ் மிஷினில் தமிழ்வாணன் என்பவனின் கை மாட்டிக்கொண்டது. மூன்று விரல் போயிற்று. சென்சாரை மாற்றினார்கள், வெளியூரிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார், எல்லாம் சரி என்றார். சரிதான், நீங்களே நின்று ஓட்டுங்கள் என்கிற மாதிரி எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜோயல் மட்டும் மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு போய் நின்றான். ஒன்றும் ஆகவில்லை. மிஷின் அவன் பொறுப்புக்கு வந்துவிட்டது.

வினையும் அங்கேதான் வந்தது. ஆயுத பூஜையன்று அந்தந்த மிஷினுக்கு அதை ஓட்டுகிறவன்தான் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். வேறு ஆள் செய்தால் செல்லாது. எழுதி வைக்காத சட்டம், ஆனால் எழுதி வைத்த சேஃப்டி சட்டங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம். முந்தைய வருஷங்களில் ஜோயல் எடுபிடி ஆள்தான் என்பதால் பூஜை முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றுகொள்வான். யாரும் தேட மாட்டார்கள். இந்த வருஷம் அது நடக்காது.

லைன் இன்சார்ஜ் கோவர்தன் நல்ல மனிதர். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், அவர் அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். பூஜைக்கு முதல் நாள் ஜோயலைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"இங்க பாருப்பா, உன்னை நான் கட்டாயப்படுத்தல. உன் சாமி உனக்கு. ஆனா பசங்க பயந்து கெடக்கறாங்க. நீ சுத்திப் போட்டாத்தான் நைட் ஷிஃப்ட்ல ஒருத்தன் அதுல நிப்பான். அடுத்த மாசம் பர்மனென்ட் பேச்சு வரப்போ, இவன் டீமோட நிக்கற ஆளுன்னு நான் வாயத் தொறந்து சொல்லணும். அதுக்கு எனக்கு ஒரு வழி பண்ணு."

மறுநாள் காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மாட்டேன் என்று சொல்லிவிடும் எண்ணத்தில்தான் ஜோயல் இருந்தான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, அதைப் பணிவாகச் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்துகொண்டான். உள்ளே போனால், தரை கழுவி, வாழைக்கன்று கட்டி, மற்ற மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். பெரிய பிரஸ் மட்டும் வெறுமனே நின்றது. லைன் முழுக்க அதைச் சுற்றி நின்று அவனைப் பார்த்தது. தமிழ்வாணனும் கையில் கட்டோடு வந்திருந்தான்.

"ஜோயலு, சுத்திப் போட்டுருடா. எனக்கு ஆனது வேற எவனுக்கும் ஆவ வேணாம்" என்றான்.

அல்லேலூயா என்று கூப்பிடவில்லை. ஜோயலு என்று கூப்பிட்டான்.

ஜோயல் செய்தான். சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான், கற்பூரத் தட்டைப் பிடித்து மிஷினைச் சுற்றி வந்தான். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி வாசலில் போட்டு உடைத்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ அவன் நெற்றியிலும் குங்குமத்தை இழுத்துவிட்டார்கள். இடி விழவில்லை, பூமி பிளக்கவில்லை. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் வாசனை மட்டும் பிடித்த சுண்டல், நன்றாகவே இருந்தது. கேட்டு வாங்கி இன்னொரு முறையும் தின்றான். வேலைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான் என்று சொன்னால் அவன் மேல் கொஞ்சம் இரக்கமாவது வரும். அப்படிச் சொல்வதற்கில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றது அவனுக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே நின்றான்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ராஜம்மா வருஷா வருஷம் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "ஒதுங்கி நின்னுக்கினியாடா?" ஜோயல் "ம்" என்றான். ஒரே ஓர் எழுத்து. பொய் என்று அதைச் சொல்லலாமா என்றுகூட அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த மாதம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ராஜம்மா தெருவிலேயே முழங்கால் போட்டாள். பக்கத்து வாடகை அறைகளில் இருக்கிற வடநாட்டுப் பையன்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் ராஜம்மாதான் முதலில் எழுந்தாள். அவளுக்குப் பேச வராது. ஆனாலும் அன்று பேசினாள். எம் புள்ள விக்கிரகத்துக்கு முன்னாடி நிக்கல, தட்டு புடிக்கல, ஒதுங்கி நின்னான், அவனை ஒதுக்கினவங்க முன்னாலயே கர்த்தர் அவன் தலையைத் தூக்கிட்டாரு என்று சொல்லி அழுதாள். சபை ஸ்தோத்திரம் என்றது. பாஸ்டர் ஜோயலைப் பார்த்து, மீதியை நீங்களே சொல்லுங்க தம்பி என்றார்.

இரண்டு நொடி இருந்தது. அந்த இரண்டு நொடியில் அவன் உண்மையைச் சொல்லியிருந்தால் அவமானம்தான் மிஞ்சியிருக்கும். அவமானத்தால் யாரும் செத்ததில்லை. அதைச் சொல்லாவிட்டாலும், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று ஒரு வார்த்தையோடு உட்கார்ந்திருந்தால்கூடப் பாதிப் பொய்யோடு போயிருக்கும். ஆனால் எழுந்து நின்றவுடன் அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பின. சொல்ல ஒன்றுமே இல்லாமல் இத்தனை வருஷம் நன்றாகப் பேசியவனுக்கு முதன்முறையாகச் சொல்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது. அது நடக்கவில்லை என்பதுதான் குறை.

"எங்க சார் எங்கிட்ட சொன்னாரு, இந்த மிஷினுக்கு நீதான் தட்டு புடிக்கணும், இல்லேன்னா உன் பேர நான் சொல்ல மாட்டேன்னு. நான் சொன்னேன், சார், வேல போனாலும் பரவால்ல, ஜீவனுள்ள தேவனத் தவிர வேற எதுக்கும் இந்தக் கை தட்டு புடிக்காது." அப்படிச் சொல்லி அவன் வலது கையை உயர்த்திக் காட்டினான். அதே கைதான்.

சபை போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. கோவர்தன் பாவம், அவரை வில்லனாக்கிவிட்டோமே என்று உட்கார்ந்த பிறகுதான் அவனுக்குத் தோன்றியது. அதற்குள் ஆண்கள் வந்து கை குலுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் சத்யப்பிரியா என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் குடியிருந்தாள், போன் தயாரிக்கிற கம்பெனியில் வேலை. கேண்டீனில் பழக்கமான ராஜம்மாதான் அவளைச் சபைக்குக் கூட்டி வந்தது. புருஷன் மணிகண்டபிரபு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார் வீட்டில் யாரும் இந்தப் பக்கம் வந்தவர்கள் இல்லை. சபைக்குள் நுழையும்போது நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை எடுத்து போன் உறைக்குள் ஒட்டிக்கொள்வாள், திரும்பும்போது எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். தான் இரண்டு பேராக வாழ்வதுபோல் இருக்கிறது என்று ஒருமுறை பாஸ்டரிடம் அழுதாள். அவர் விவரமானவர். அவசரப்படாதம்மா, குடும்பத்தை உடைச்சுக்கிட்டு வரச் சொல்லி யாரும் உன்னைக் கேட்கல, கர்த்தர் வழி திறக்கிற வரைக்கும் பொறு என்று சொல்லியிருந்தார். அவளும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள், ஜோயல் கையைத் தூக்கிக் காட்டுகிற வரை.

அவள் மாமனார் இறந்து வருஷம் திரும்பியது. முதல் வருஷப் படையல். ஒரே மருமகள், அவள்தான் இலை போட்டு, சமைத்ததை எல்லாம் பரிமாறி, படத்துக்குக் கற்பூரம் காட்ட வேண்டும். மாமனார் மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோ கிடைக்காமல் தன் டி.வி.எஸ்ஸில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். சமையலை எல்லாம் அவளே செய்தாள். உறவுக்காரர்கள் நிறைந்திருந்தபோது மாமியார் கற்பூரத் தட்டை நீட்டினாள். சத்யப்பிரியா நெற்றிப் பொட்டை எடுத்து எல்லார் எதிரிலும் கீழே போட்டாள். "இந்தக் கை தட்டு புடிக்காது" என்றாள்.

மாமியார் வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். மறுநாள் ராஜம்மா அவளை ஒரு பையோடு தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். குழந்தையை அவர்கள் கொடுக்கவில்லை.

சபை அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பாஸ்டர் மட்டும் கவலையாக இருந்தார், இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்ப் பேசப் பார்த்தார், வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சத்யப்பிரியா ராஜம்மாவோடு உள்ளறையில் படுத்துக்கொண்டாள். ஜோயல் பாயை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகம் மலரும். உங்களாலதாண்ணா எனக்கு தைரியம் வந்துச்சு என்பாள். சாப்பாடு போடும்போது ஒரு பிடி சோற்றைக் குழைய மசித்துத் தட்டின் ஓரத்தில் வைப்பாள். பிறகு நினைவு வந்து, அதைத் தானே வாயில் போட்டுக்கொள்வாள். ஜோயல் அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது. முழங்கால் போட்டால் வாய் பழக்கத்தில் ஓடியது, உள்ளே கேட்க யாரும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவரை நாமே அனுப்பிவிட்டோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு வந்த பிறகு அது போகவே இல்லை.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடையில் மணிகண்டபிரபு காத்திருந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று ஜோயல் பயந்தான். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். தாடி வளர்ந்திருந்தது.

"நான் அவள போவ சொல்லல பிரதர்," என்றான். "எங்கம்மா சொல்லிச்சு. நான் வாய மூடிக்கினு நின்னேன், அதான் நான் பண்ண தப்பு. அவ சர்ச்சுக்கு வரட்டும், பொட்டு வெக்காம கூட இருக்கட்டும், நான் கேக்கல. எங்கப்பா படத்துக்கு முன்னாடி ஒரு தபா வந்து நின்னு, எங்கம்மா கையப் புடிச்சி தப்புன்னு சொன்னா போதும். பாப்பா சரியா சாப்பிட மாட்டேங்குது. நீங்க சொன்னா அவ கேப்பா. உங்க பேரத்தான் சொல்லிக்கினு இருந்தா."

இவ்வளவு நல்லவனாக இல்லாமல் இவன் நம்மை நாலு அறை அறைந்திருந்தால் தேவலையே என்று ஜோயலுக்கு இருந்தது. பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டான். பேசிப் பார்ப்பது அல்ல, உண்மையைச் சொல்லிவிடுவது. அம்மாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும். அந்தக் குழந்தை சாப்பிடட்டும்.

மறுநாள் அவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட். ராஜம்மா வேலைக்குப் போயிருந்தாள். சத்யப்பிரியா பின்பக்கம் குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஜோயல் வாசற்படியில் நின்றபடி சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. அன்னிக்குக் கம்பெனியில நான் ஒதுங்கி நிக்கல, தட்டு புடிச்சேன், பூசணிக்கா உடைச்சேன், சபையில சொன்னது பூரா பொய் என்றான். நீ வூட்டுக்குப் போம்மா என்றான்.

அவள் கை அப்படியே நின்றது. பாத்திரம் நிறைந்து அரிசித் தண்ணீர் வழிந்தது. குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அவரு வந்து உங்களப் பாத்தாராண்ணா?"

ஜோயல் தலையாட்டினான்.

"பாப்பா சாப்பிட மாட்டேங்குதுன்னு சொன்னாரா?"

"ஆமா. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் சொல்றது நெஜம்."

சத்யப்பிரியா சிரித்தாள். அழுகை வரும்போது அதை மறைக்கச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "எம்மேல கீற பாசத்துல சொல்றீங்க. அழுவறத தெனம் பாக்கறீங்க, தாங்கல. அதுக்காவ உங்க சாட்சியவே பொய்னு சொல்லலாமா? அது கர்த்தர் குடுத்ததுண்ணா, உங்களுது இல்ல."

ஜோயல் மறுபடி சொன்னான். கோவர்தன் சார் என்ன சொன்னார், தமிழ்வாணன் என்ன சொன்னான், சுண்டல் தின்றது, பஸ்ஸில் நெற்றியைத் துடைத்தது, எல்லாவற்றையும் சொன்னான். வேண்டுமானால் கம்பெனி ஆட்களைக் கேட்டுப் பார் என்றான். உள்ளே போன் கொண்டுபோக விடுவதில்லை, இல்லாவிட்டால் ஒரு படமாவது இருந்திருக்கும். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் பிசகியது. கையைத் தூக்கிப் பொய் சொன்ன அன்று தண்ணீர்போல ஓடிய வாய், உண்மை சொல்லும்போது முட்டி முட்டி நின்றது.

"நீங்க சாட்சி சொன்னப்போ உங்க மூஞ்சிய நான் பாத்தேன்," என்றாள் அவள். "அது பொய் சொல்ற மூஞ்சி இல்ல. இப்ப பாக்கறேன் பாருங்க, இதுதான் பொய் சொல்ற மூஞ்சி." பிறகு, அவன் மனம் நொந்துவிடக் கூடாதே என்பதுபோல, மெதுவாகச் சொன்னாள். "நெஜமாவே அப்படித்தான்னா, ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து சொல்லுங்க. உங்கம்மா முன்னாடி சொல்லுங்க. நான் அப்பவே எழுந்து எம் புள்ளகிட்ட போறேன். அவரு அப்பா படத்துக்கு முன்னாடியும் நிக்கறேன்."

அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவன் எழுந்து சொல்ல மாட்டான் என்பதில் அப்போது அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நடக்காததை ஒருவன் எப்படிச் சபை நடுவில் சொல்வான்?

சனிக்கிழமைவரை அவன் அந்த வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்தான். நான் பொய் சொன்னேன். பிரஸ் மேலே ஏறும்போது ஒரு முறை, கீழே இறங்கும்போது ஒரு முறை. நாலு நல்ல வார்த்தை கிடைத்தால் அரை மணி நேரம் பேசுகிறவன், மூன்று வார்த்தையைப் பள்ளிக்கூடப் பையன்போல் உருப் போட்டான். அம்மாவின் முகம் என்ன ஆகும் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்கள் பக்கம் ராஜம்மாவும் சத்யப்பிரியாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றார் பாஸ்டர். ஒரு கிழவர் எழுந்து கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைச் சொன்னார். ஒரு பெண் மகன் பாஸ் ஆனதைச் சொன்னாள். பிறகு யாரும் எழவில்லை. சத்யப்பிரியா தலையைத் திருப்பி ஜோயலைப் பார்த்தாள்.

ஜோயல் ஒரு கையைத் தரையில் ஊன்றினான். ஒரு முழங்காலை மடக்கிப் பாதி எழுந்தான். அப்போது ராஜம்மா அவனைப் பார்த்துவிட்டாள். மகன் எழுகிறான், இன்னொரு சாட்சி வரப்போகிறது என்று அவள் முகம் விரிந்தது. பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, பாரு பாரு என்று காட்டினாள். ஆயுள் முழுக்க அடுத்தவர் எச்சில் தட்டைக் கழுவியவளுக்குப் பெருமை என்று இருந்தது இந்த ஒன்றுதான்.

அவன் உட்கார்ந்துவிட்டான். காரணம் சொல்லி அவனுக்காக வாதாட நான் வரவில்லை. அம்மா மேல் உள்ள பாசம் என்று அவன் பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவன் பயந்தான்.

அவன் உட்கார்ந்ததைப் பார்த்ததும் சத்யப்பிரியா எழுந்தாள். சபையில் அவள் எழுந்து பேசுவது அதுதான் முதல் தடவை.

"போன வாரம் எனக்கு ஒரு சோதனை வந்துச்சு," என்றாள். "நான் கூடப் பொறந்தவரா நெனச்சிக்கினு இருக்கற ஒருத்தர் மூலமா வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன். அவரு மேல தப்பு இல்ல, பாசத்துல சொன்னாரு. நான் எதப் புடிச்சிக்கினு வெளிய வந்தேனோ அதுவே பொய்னு சொன்னாரு. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒருவேள நெஜமா இருக்குமோன்னு நெனச்சேன். எம் புள்ளகிட்ட போயிடலாமேன்னு ஆசையாக்கூட இருந்துச்சு. துணியெல்லாம் மடிச்சு வெச்சேன். இன்னிக்கு இந்த எடத்துல எனக்குத் தெளிவா தெரிஞ்சுபோச்சு. எம் பாப்பாவ கர்த்தர் கையில விட்டுட்டேன். இனிமே போன் பண்ண மாட்டேன். திரும்பிப் பாக்க மாட்டேன்."

சபை அழுதது. ராஜம்மா அவளைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னாள். பாஸ்டர் யாக்கோபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜோயல் பக்கம் பார்த்து, நீங்க ஏதோ சொல்ல எழுந்த மாதிரி இருந்துச்சே தம்பி என்றார்.

"ஒண்ணும் இல்ல பாஸ்டர்," என்றான் ஜோயல். "சிஸ்டர் சொன்னதுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாம்னுதான்."

எழுந்து நின்று சொன்னான். எல்லாரும் அவனோடு சேர்ந்து சொன்னார்கள்.